ஈரத்தோல் தொங்கிய கூரை

இரும்பு பொய் சொல்லாது என்கிறவர்கள் இரும்பைச் சோதித்துப் பார்க்காதவர்கள். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் அதுவும் பெரிய மனிதர்களைப் போல நல்ல பேரோடு நின்றுவிடும்.

நான் இன்ஜினியர் இல்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி, மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கை. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஃபிட்டராக இருந்தேன். சங்கம் கட்டினேன், வேலைநிறுத்தம் நடத்தினேன், கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. என்னோடு வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் பிறகு அதே முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்கள். வருத்தம் அதில்தான்.

இப்போது சத்துவாச்சாரியில் எஸ்தர் மேடத்தின் அலுவலகத்தில் இருக்கிறேன். இரும்புக் கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது அவர் தொழில். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும், ஏணியைத் தாங்குவதும், துருவைச் சுரண்டி மிச்சமிருக்கும் தடிமனை அளப்பதும் என் தொழில். கணக்கின் சாரம் எளிது. ஒவ்வொரு தூணுக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் எவ்வளவு சுமை வருகிறது என்று பார்க்க வேண்டும். அது எவ்வளவு தாங்கலாம் என்பதைக் கட்டட விதிகளைச் சொல்லும் கோட் புத்தகத்தின்படி எடுக்க வேண்டும். வருவதைத் தாங்குவதால் வகுத்தால் விடை ஒன்றுக்குள் இருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் அந்த உறுப்பு தேறவில்லை. தகர ஷெட்டுக்குக் கீழே நின்று வேலை செய்து, ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்து 'இது நிற்குமா' என்று நினைத்தவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்ததெல்லாம் ஒரே ஷெட்டில்.

புதுப் பெயிண்ட்

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த டேனரி. அவர்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, கட்டடம் பலமாக இருக்கிறது என்று சான்று கேட்டிருந்தது. அதனால் எங்களைக் கூப்பிட்டார்கள். நீளமான ஃபினிஷிங் ஹால். பெண்கள் வரிசையாக மேஜை போட்டு, காய்ந்த தோல்களின் ஓரத்தை வெட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் எரிகிற அளவுக்குப் பெயிண்ட் வாசனை. கூரையைத் தாங்கும் ட்ரஸ்கள் எல்லாம் கல்யாண வீட்டுப் பாத்திரம் போல மின்னின. மேனேஜர் பாஸ்கர் டீயோடு வந்தார். நான் சங்கத்தில் இருந்த காலத்திலேயே எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசியவர். எதிர்ப்பக்க மனிதர்களில் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர் என்று அப்போதே துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

"ட்ரஸ்ல என்ன தொங்கவிடுவீங்க?" என்று மேடம் கேட்டார். "ஃபேனு, டியூப் லைட்டு. வேற ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் பாஸ்கர். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேடம் ஏணியில் ஏறினார். நான் கீழே, ஏணியைக் காலால் மிதித்துக்கொண்டு, பெயிண்ட் அடித்த ஆட்களுக்கு ஏன் இடுப்புக் கயிறு தரவில்லை என்று பாஸ்கரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ட்ரஸ்ஸின் அடிக்கம்பியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போகிறார். கம்பியில் வரிசையாக, ஒரே இடைவெளியில், விரல் அகலத்துக்குப் பெயிண்ட் படாத இடங்கள். அங்கே இரும்பு தேய்ந்து வெள்ளியாகப் பளபளத்தது. கொக்கிகள் தேய்த்த தடம். கொக்கிகளைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் அடித்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அவசரத்தில் கொக்கியோடு சேர்த்து அடித்து, காய்ந்த பிறகு கொக்கியைக் கழற்றியிருக்கிறார்கள். ஹால் முழுக்க ஈரத்தோலைக் கூரையிலேயே தொங்கவிட்டுத்தான் காயவைத்திருக்கிறார்கள்; நாங்கள் வரும் நாளுக்காக இறக்கியிருக்கிறார்கள். "இது என்ன பாஸ்கர் சார்?" என்று மேடம் மேலிருந்தே கேட்டார்.

பாஸ்கர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "குரங்கு மேடம். இந்தப் பக்கம் குரங்கு ஜாஸ்தி, வந்து தொங்கும்."

சும்மா நின்ற கம்பி

அதே ஹாலில், பக்கவாட்டில் இரண்டு தூண்களுக்கு நடுவே குறுக்காக ஓட வேண்டிய ஆங்கிள் கம்பியைக் காணோம். வெல்டிங் அடையாளம் மட்டும் இருந்தது. தோல் தள்ளும் டிராலி சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது என்று கேஸ் கட்டரில் அறுத்துவிட்டார்கள். ஒல்லியான தூண் நேராகப் பாரம் தாங்கும்போது நசுங்கிச் சாவதில்லை. பக்கவாட்டில் வளைந்துதான் சாகும். அந்தக் குறுக்குக் கம்பி தூணை நடுவில் பிடித்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் தூணின் வளையக்கூடிய நீளம் இரட்டிப்பாகும். தாங்கும் பலம் பாதியாகும் என்று நினைப்போம். ஒல்லித் தூணில் அது கிட்டத்தட்ட கால் பாகத்துக்கு இறங்கிவிடும். கோட் புத்தகத்தில் இதற்கென்றே தனி விதி இருக்கிறது.

இதையெல்லாம் மேடம் பொறுமையாகச் சொன்னார். பாஸ்கர் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்ன பதிலை என் காலத்தில் எத்தனையோ ஆட்களின் வேலைநீக்க உத்தரவில் வேறு வார்த்தைகளில் படித்திருக்கிறேன்: "அந்தக் கம்பி சும்மாதான் நின்னுனு இருந்துச்சி மேடம். அது ஒரு வேலையும் செய்யல."

கோட் புத்தகத்தில் இல்லாத வார்த்தை

வெளியே வந்ததும் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். மேஜைகள் அத்தனையும் ட்ரஸ்களுக்கு நேர்கீழே. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிற பெண்கள் அங்கே நிற்கிறார்கள். "கொலைகாரப் பசங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். காரில் ஏறி நாங்கள் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்வரை நிறுத்தவில்லை. சுரண்டல், லாபவெறி, ரத்தம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் உண்மையும்கூட.

மேடம் வண்டியை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விளக்கினார். ட்ரஸ் என்பது முக்கோணங்களாகக் கோத்த கம்பிகள். பாரம் கம்பிகள் சேரும் முடிச்சில் வந்தால் ஒவ்வொரு கம்பியும் இழுபடும் அல்லது அமுங்கும், அவ்வளவுதான். இவர்கள் முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே தோலைத் தொங்கவிடுகிறார்கள். அப்போது கம்பி இழுபடுவதோடு வளையவும் செய்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் தேறுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை தோல், ஒரு ஈரத்தோல் என்ன எடை என்று தெரிய வேண்டும். இது எதையும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

மேடம் சொன்னார்: "கொலைகாரன்னு கோட் புத்தகத்துல ஒரு வரிகூட இல்லண்ணா. ஈரத்தோல் ஒண்ணு எத்தனை கிலோ, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அந்த அரை

எடை கிடைத்தது. பாஸ்கரே நிறுத்துச் சொன்னார், குரங்குப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். கணக்கு முடிந்தது. தோல் இல்லாமல், வெட்டிய கம்பியைத் திரும்பப் பற்றவைத்தால், ஹால் தேறுகிறது. தோல் தொங்கினால் ட்ரஸ்ஸின் அடிக்கம்பி ஒன்றே காலுக்குப் போகிறது. முதலாளி எங்களை ஏசி ரூமில் உட்காரவைத்தார். படித்தவர், மரியாதையானவர், கணக்குப் புரிந்தவர். அதுதான் தொந்தரவு.

"மேடம், நீங்க வர்ற சுமையை ஒன்றரையால பெருக்கியிருக்கீங்க. பெருக்காம பார்த்தா ஒன்றுக்குள்ளதான வருது? அப்ப நிஜத்துல நிக்குது. நீங்களே பெருக்கிட்டு நீங்களே ஃபெயிலுன்னா எப்படி?" என்றார். மேடம் சொன்னார்: "அந்த அரை என்னுது இல்ல சார், உங்களுதும் இல்ல. ஒரு நாள் ஆர்டர் ஜாஸ்தின்னு ரெண்டு வரிசை தோல் சேர்த்துத் தொங்கும். ஒரு நாள் புயல் அடிக்கும். நான் கணக்குல எங்கயாவது தப்பு பண்ணியிருப்பேன். அதுக்கெல்லாம் அது." தோலைக் கூரையில் தொங்கவிட வேண்டாம், தரையிலிருந்து தனிக்கால் நிறுத்தி ஒரு இரும்புச் சட்டம் போட்டு அதில் தொங்கவிடுங்கள் என்றும் சொன்னார். அதற்கு ஹாலில் இடம் போகும், வேலை தாமதமாகும். முதலாளி கணக்குத் தாளை எடுத்து அந்த ஒன்றரையின் மேல் விரலை வைத்தார். நாற்பது வகையாக என்னிடம் பேரம் பேசிய முதலாளிகளைப் பார்த்தவன் நான். இந்தப் பேரத்தைக் கேட்டதில்லை.

"அந்த அரையை இந்த சீசனுக்கு மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க மேடம். அடுத்த வருஷம் திருப்பி வெச்சுடறேன்."

கலைவாணி கேட்டது

கேட்டுக்கு எதிரே டீக்கடை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஹால் பெண்கள் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் கலைவாணி. அவள் அப்பா என்னோடு கேட்டில் கொடி பிடித்தவர். மேடம் சான்று தராவிட்டால் ஹாலை மூடிவிடுவார்கள், திறக்கும்போது வேறு ஆட்கள்தான் என்று, டேனரிக்கு ஆள் பிடித்துத் தரும் கான்ட்ராக்டர் அவர்களிடம் சொல்லியிருக்கிறான். மேடம் ஹாலை மூடச் சொல்லவில்லை, தோலை இறக்கத்தான் சொல்கிறார் என்றேன். அவர்கள் காதில் அது ஏறவில்லை. கான்ட்ராக்டர் குரல் பழகிய காது.

"இன்னாண்ணா, எங்க வேலைக்குத்தான ஊர் ஊரா மைக் புடிச்ச? இப்ப டேப்பு புடிச்சினு எங்க வயித்துலயே அளக்கறியே" என்றாள். உயிர் முதலில், வேலை அப்புறம் என்று நான் பேசத் தொடங்கினேன். மேடையில் அந்த வரிக்குக் கைதட்டல் வரும். டீக்கடையில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள், இன்னொருத்தி வடைத் தாளைக் கசக்கிப் போட்டாள்.

கலைவாணி மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கூரை என்னிக்கு விழும்னு உங்க மேடத்துக்கே தெரியாது. வேலை என்னிக்குப் போவும்னு எங்களுக்குத் தெரியும்ண்ணா. நாளைக்கே போவும்."

லாங் பஜாரில்

மேடம் சான்று தரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்; உரிய அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்பினார். அது எந்த மேஜையில் எந்தக் கோப்புக்குக் கீழே இளைப்பாறியதோ, பதில் வரவில்லை. முதலாளி அதற்குள் இன்னொரு இன்ஜினியரைப் பிடித்துச் சான்று வாங்கிவிட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியாகிவிட்டது. கொக்கிகள் திரும்ப மேலே ஏறின.

லாங் பஜாரில் நைலான் கயிறு வாங்கிக்கொண்டிருந்த பாஸ்கரைப் பிடித்துக்கொண்டேன். தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்று பேசினோம். "அந்த இன்ஜினியர் ஏறிப் பார்த்தாரா?" என்றேன். "ஏணியே கேக்கல தோழரே. போட்டோ அனுப்புன்னார். அனுப்பிட்டோம்." கயிற்றுச் சுருளைக் கை மாற்றிக்கொண்டார். ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து எங்களை ஒதுக்கினான். "பேஜாரா இருக்கு தோழரே. மேடம் எழுதினதைப் படிச்சதுல இருந்து தூக்கம் இல்ல" என்றார். அப்படியானால் முதலாளியிடம் சொல்வதுதானே என்றேன். சொன்னதாகவும், 'உனக்குப் பயமா இருந்தா நீ வீட்ல இரு' என்று பதில் வந்ததாகவும் சொன்னார்.

பிறகு, நான் கேட்காமலேயே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் மேஜையை மட்டும் ஹால்ல இருந்து எடுத்து வாசல் வராண்டாவுல போட்டுக்கிட்டேன்."

துண்டறிக்கை

அன்றே உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய துண்டறிக்கைகளை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும். இதில் ரத்தம் குடிக்கும் அட்டை, பிணந்தின்னிக் கழுகு எல்லாம் வந்தன. மேடத்திடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். "இது அளக்க முடியாது. இதுவும் முடியாது" என்று அடித்துக்கொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது இதுதான்: 'இந்த ஹாலின் கூரை தகரத்தையும் காற்றையும் தாங்கும். ஈரத்தோலைப் பத்திரமாகத் தாங்கும் என்று கணக்கு சொல்லவில்லை. தோல் இறங்கினால், வெட்டிய கம்பியை ஒட்டினால், நீங்கள் உள்ளே வேலை செய்யலாம். ஹாலை மூடத் தேவையில்லை.' என் பேரையும் மேடம் பேரையும் போட்டோம். அவர் பேர் போட்டால் இந்தப் பக்கத்து டேனரிகள் இனி அவரைக் கூப்பிடாது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

நான் இன்னொரு வரி சேர்த்தேன்: 'மேனேஜர் மேஜை இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.' பாஸ்கர் என்னை நம்பிச் சொன்னது அது. சேர்த்தேன். மேடம் அந்த வரியில் பேனாவை வைத்து, நிறைய நேரம் யோசித்து, அடிக்காமல் விட்டார். அது அளக்கக்கூடிய விஷயம். பாஸ்கர் அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

கேட்டில் நின்று கொடுத்தேன். வாங்கிய பெண்கள் சிலர் மடித்து இடுப்பில் செருகினார்கள், சிலர் அதில் பூவைச் சுற்றிக்கொண்டார்கள். கலைவாணி நின்று படித்தாள். உள்ளே போனாள். சாயந்திரம் வெளியே வரும்போது என் அருகில் வந்து நின்றாள்.

"மேடம் கணக்கு எனக்கு ஒண்ணும் புரியலண்ணா. மேஜைக் கணக்கு புரிஞ்சிபோச்சி."

ஹால் வாசலில்

மறுநாள் காலையில் பெண்கள் வருகைக்குப் பஞ்ச் வைத்தார்கள், யூனிஃபார்ம் கோட்டைப் போட்டார்கள், ஹால் வாசல்வரை வந்தார்கள், நின்றார்கள். துண்டறிக்கை கொடுத்த என்னை இனி உள்ளே விட மாட்டார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று கம்பிக்கேட் வழியாகப் பார்த்தேன். கோஷம் இல்லை. கொடி இல்லை. கோஷம் சொல்லிக்கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. சூபர்வைசர் வந்து கத்தினான். "நாங்க ஸ்ட்ரைக்கு பண்ணல சார். வேலை செய்ய வந்துகிறோம். தோலை இறக்கு, உள்ள வர்றோம்" என்ற கலைவாணியின் குரல் ரோட்டுக்கே கேட்டது.

கான்ட்ராக்டர் வேறு பெண்களை வேனில் கொண்டுவந்து இறக்கினான். நான் தோற்ற போராட்டங்களெல்லாம் அந்த மாதிரி வேன் வந்து நின்ற இடத்தில்தான் தோற்றன. கண்ணை மூடித் திறந்தேன். அந்தப் பெண்கள் வாசலுக்குப் போனார்கள். வாசலில் நின்றவர்கள் யாரும் அவர்களைத் திட்டவில்லை, மறிக்கவில்லை. மேலே கையைக் காட்டினார்கள், வராண்டாவில் இருந்த மேஜையைக் காட்டினார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி தலையிலிருந்த துண்டை எடுத்து உதறிக் கீழே விரித்து உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மதியத்துக்கு முன்பே தோல் இறங்கியது. அடுத்தடுத்த வாரங்களில் தனிக்கால் சட்டம் வந்தது, அறுத்த கம்பி அதன் இடத்துக்குப் போனது. பெண்கள் மேடத்தின் கையெழுத்தையே கேட்டதால், அவர் மறுபடி ஏறி, அளந்து, எல்லாம் ஒன்றுக்குள் வந்த பிறகு கையெழுத்துப் போட்டார். முதலாளி கூரையை ஒரு முறை பார்த்தார், எங்களை ஒரு முறை பார்த்தார்: "ஒரு ஆணிகூட கீழ விழலையே மேடம். இவ்வளவு பேஜாரும் எதுக்குன்னு எனக்கு இப்பவும் புரியல."

நாட்றம்பள்ளி பஸ்

ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் தொழிலில் வெற்றி என்பது அதுதான். செய்தித்தாளில் வராது, மாலை விழாது, நினைவுநாள் கிடையாது. அந்த ஹாலில் இன்று வேலை செய்கிறவர்களில் புதிதாக வந்தவர்களுக்கு மேலே எதுவும் தொங்கியது என்றே தெரியாது.

கலைவாணியைக் கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடவில்லை. மற்ற எல்லாரும் உள்ளே போனார்கள். அவளை மட்டும் விட்டுவிட்டான். அவளுக்காக யாரும் வாசலில் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் போய்ச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தக் காட்சி எனக்குப் புதிதல்ல. அதனால் வலி குறைந்தது என்றும் சொல்ல மாட்டேன். அவளுக்கு நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டிபன் கூடையோடு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "என்மேல கோபமாம்மா?" என்றேன். "உம்மேல கோபப்பட்டு இன்னாண்ணா ஆவப்போவுது" என்றாள். புது இடத்தில் கூரை எப்படி என்று கேட்டேன். பஸ் நகரத் தொடங்கியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏணி எடுத்துனு வாண்ணா. மேடத்தையும் கூட்டினு வா."

ஆயுள் முழுக்க எதையாவது கவிழ்க்கவே ஆள் சேர்த்த எனக்கு, ஜெயித்தேன் என்று கை நீட்டிக் காட்ட மிஞ்சியிருப்பது, ஒன்றுமே நடக்காத ஒரு தகரக் கூரைதான்.